மறுகாவுக்கு (பிறகு பார்ப்போம் என்று) விடக்கூடாத வேலைகள்: சின்ன வீட்டுக்கும் ஊர் வேலைக்கும் மாறுகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போவது புதுப் பழக்கமில்லை. மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இருந்த வீடு மகளுக்கு. தாய் தகப்பன் அதே வளவில் பின்பக்கம் ஒரு சிறு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழமை. மூன்று மகள் என்றால் மூன்று தடவை வீடு மாறிய தாய்மாரும் இங்கே உண்டு. இப்போது அந்த வரிசையில் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. கொழும்புக் கம்பனி வேலையை விட்டு ஊருக்கு வருகிறவர்கள், கட்டாரிலும் சவூதியிலும் இருந்து திரும்புகிறவர்கள், கடன் எடுத்துக் கட்டிய 1,800 சதுர அடி வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு 500, 600 சதுர அடிக்குள் வர நினைக்கிற நாற்பது வயதுக்காரர்கள்.

இவர்களுக்கு வேலை, வீடு, பிள்ளைகளோடு இருக்கிற நேரம் மூன்றும் ஒரே ஆண்டில் மாறுகின்றன. காசு போதாமல் குழம்புகிறவர்களை விட, வேலைகளின் முன்பின் தெரியாமல் குழம்புகிறவர்கள்தான் கூட. "மறுகா பாப்பம் மகள், இப்ப அது கிடக்கட்டும்" என்ற வசனம் எந்த வீட்டில் அதிகம் கேட்கிறதோ அந்த வீட்டில் மாரி மழை தொடங்கும்போது பாதிச் சாமான் விறாந்தையில் நனையும். சில வேலைகளை மறுகாவுக்கு விடலாம், விடவும் வேண்டும். பெரிய வீட்டை விற்பது அப்படியான ஒன்று. வேலைக் கடிதம், காணி உறுதி, பாதை, மலக்குழிக்கான இடம், தரை உயரம் ஆகிய ஐந்தையும் விடவே கூடாது.

வேலையில் தொடங்குவோம். சம்பளம் குறைகிறது என்று பயப்படுவதற்கு முன் ஒரு தாளில் கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: கொழும்பில் கைக்கு வருவது 110,000 ரூபா. அறைக்கு 20,000, கடைச் சாப்பாட்டுக்கு 30,000, அங்கே ஓடித் திரிய 6,000, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோக 8,000. மிச்சம் 46,000. ஊரில் 75,000 ரூபாவுக்கு வேலை கிடைத்தால், வீட்டுச் சாப்பாட்டில் கூடுவது 10,000, பஸ்ஸுக்கு 8,000 போக 57,000 மிஞ்சும். இதில் மறைந்திருக்கும் நட்டத்தையும் எழுத வேண்டும். அடிப்படைச் சம்பளம் 35,000 குறைந்தால் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்குக்குள் போவதும் குறையும். உங்களிடம் வெட்டும் 8 வீதம், முதலாளி போடும் 12 வீதம், ஆக 20 வீதம். அது மாதம் 7,000 ரூபா. இன்றைக்குக் கையில் தெரியாது, 55 வயதில் தெரியும்.

பழைய வேலையை விடும் திகதியும் காசுதான். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முழுதாக முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 4 ஆண்டு 11 மாதத்தில் கடிதம் கொடுத்தால் ஒரு சதமும் இல்லை. 9 ஆண்டு 10 மாதத்தில் விலகினால் 9 ஆண்டுக்குத்தான் கணக்கு. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் இன்னொரு அரை மாதச் சம்பளம். ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) காசை வேலை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த தடவைக்கு 5 ஆண்டு இடைவெளி வேண்டும். ஆகவே அதை அலுமாரி வாங்க எடுக்காதீர்கள். ஈபிஎப் கணக்கில் 10 ஆண்டுக்கு மேல் கட்டி, குறைந்தது 300,000 ரூபா இருப்பும் இருந்தால் வீட்டு வேலைக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க வழி இருக்கிறது. எதற்கும் முதல், பழைய இடத்தில் கடைசி மாதம் வரை காசு கட்டியிருக்கிறார்களா என்று தொழில் காரியாலயத்தில் பாருங்கள். சம்பளச் சிட்டையில் வெட்டி, நிதிக்குக் கட்டாமல் விட்ட முதலாளிமார் இல்லாமலில்லை. வேலையில் இருக்கும்போது இதைக் கேட்பது ஒரு போன் அழைப்பு. விலகி மூன்று ஆண்டு கழித்துக் கேட்பது அலைச்சல்.

புது வேலையில் சேரும் திகதியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விசயம் உண்டு. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிற வேலை என்றால், சேரும் மாதம்தான் அடுத்த ஆண்டுக்கான வருடாந்த லீவைத் தீர்மானிக்கிறது. ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் சேர்ந்தால் 14 நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, ஒக்டோபர் முதல் 4. மார்ச் 28ஆம் திகதி சேர்வதற்கும் ஏப்ரல் 4ஆம் திகதி சேர்வதற்கும் இடையில் நான்கு நாள் லீவு போகிறது. "புத்தாண்டு முடிய வாறன்" என்று சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும். முதல் ஆண்டில் கெசுவல் லீவும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான். அடுத்த ஆண்டிலிருந்து 7.

நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்கிறவர்கள் வார லீவு எந்த நாள் என்று கேட்பதில்லை. அந்தச் சட்டப்படி கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு உண்டு, ஆனால் எந்த நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும். மனைவி பாடசாலை ஆசிரியை, அவருக்குச் சனி ஞாயிறு. கணவன் வேலை செய்யும் கடைக்கு வெள்ளி என்றால், பாடசாலை விடுமுறையையும் போயா தினத்தையும் தவிர இருவருக்கும் பொதுவான பகல் என்று ஒன்று இல்லை. 5,000 ரூபா குறைந்தாலும் லீவு நாள் பொருந்துகிற வேலையை எடுக்கச் சொல்வேன். தூரமும் அப்படித்தான். மட்டக்களப்பிலிருந்து கல்முனை 40 கிலோமீற்றர் வரும். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வீட்டிலிருந்து தரிப்பிடம், தரிப்பிடத்திலிருந்து வேலையிடம், பஸ்ஸுக்குக் காத்து நிற்பது எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 3 மணித்தியாலம். மாதம் 22 நாளுக்கு 66 மணித்தியாலம். சட்டப்படி ஒரு கிழமை வேலையே 45 மணித்தியாலம்தான். ஒன்றரைக் கிழமை வேலையைச் சம்பளமில்லாமல் பஸ்ஸில் செய்கிற கணக்கு.

புது வேலையில் தகுதிகாண் காலம் பெரும்பாலும் 6 மாதம். அது முடியும் வரை பெரிய வீட்டை விற்கக் கூடாது. வாடகைக்குக் கொடுங்கள், ஓராண்டு ஒப்பந்தம் எழுதுங்கள். வேலை சரிவராவிட்டால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும். விற்கும் அவசரத்தில் இருப்பவரிடம் விலை பேச வருகிறவர் முதல் பார்வையிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இனி வளவு. மகளுக்கு முன்வீட்டை எழுதிவிட்டுப் பின்னால் கட்டுகிறவர்கள் நான்கு இடத்தில் தவறுகிறார்கள். முதலாவது, எழுதும்போது தங்கள் சீவிய உரித்தை வைக்காமல் எழுதுவது. நன்கொடை உறுதியில் சீவிய உரித்து என்ற ஒரு வரி இருந்தால், தாய் தகப்பன் உயிரோடு இருக்கும் வரை அந்த இடத்தில் இருக்கும் உரிமை கேள்விக்கு வராது. மகள் மேல் நம்பிக்கை இல்லாமல் வைக்கிற வரி இல்லை இது. மகளின் கணவர் அந்த உறுதியை ஈடு வைத்துக் கடன் எடுத்தால் யாருக்கும் தலையிடி வரக்கூடாது என்பதற்காக.

இரண்டாவது, பாதை. பின்காணிக்கு முன்காணியின் ஓரமாகத்தான் போக வேண்டும். இன்றைக்கு எல்லாம் ஒரே குடும்பம், கேற்றும் ஒன்று. இருபது ஆண்டு கழித்து முன்வீடு வேறு கைக்குப் போனால் பின்வீட்டுக்காரர் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நில அளவையாளரின் வரைபடத்தில் பாதையைத் தனித் துண்டாகக் காட்டி, உறுதியிலும் அந்த உரிமையை எழுத வேண்டும். 8 அடியாவது இருந்தால்தான் கல், மணல் ஏற்றிய சிறு வாகனம் உள்ளே வரும், பிறகு மலக்குழி இறைக்கும் பவுசரும் வரும். அகலத்தை 4 அடிக்கு விட்டவர்கள் மணலைத் தெருவில் பறித்துத் தாச்சியில் சுமக்கிறார்கள். துண்டு பிரிக்கும்போது உள்ளூராட்சி சபைகள் பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைந்ததை ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். கல்லோயாத் திட்டம் போன்றவற்றில் அரசு அனுமதிப் பத்திரத்தில் கிடைத்த பேர்மிட் காணி என்றால் இந்தக் கதையே வேறு. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைப் பிரிக்கவோ கைமாற்றவோ முடியாது. நொத்தாரிசிடம் போவதற்கு முதல் அங்கே போக வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாரும் மறப்பது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கத்தில், மண் மணல். ஊற்று ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குத் தாராளமாகப் போகும். மாரியில் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடியில் நிற்கும். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 20 பேர்ச் வளவு 60 அடிக்கு 90 அடி என்று வைத்துக்கொண்டால், அதை முன் பின்னாகப் பிரித்தபின் ஒவ்வொன்றும் 60 அடிக்கு 45 அடி. இப்போது உங்கள் கிணறு, மகளின் கிணறு, பக்கத்து வளவுக் கிணறு, பின் ஒழுங்கைக்காரரின் கிணறு ஒவ்வொன்றிலும் ஆணி அடித்து 50 அடிக் கயிற்றால் வட்டம் போட்டுப் பாருங்கள். எந்த வட்டத்துக்குள்ளும் படாத இடம் ஒரு மூலையில் கொஞ்சம் மிஞ்சும், சில வளவில் மிஞ்சவே மிஞ்சாது. அந்த மூலையில்தான் குழி. அதைப் பார்த்துத்தான் பாத்ரூம். பாத்ரூமைப் பார்த்துத்தான் வீட்டின் மற்றப் பகுதி. வீட்டுப் படத்தை முதலில் கீறிவிட்டுக் குழிக்கு இடம் தேடுகிறவர்கள் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள். இடமே இல்லை என்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு போதும் என்று முடிவெடுத்து மற்றதைப் பாவனையிலிருந்து எடுப்பது நல்லது.

நான்காவது, தரை உயரம். 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் எந்த மட்டத்துக்கு வந்தன என்று பழைய வீட்டுச் சுவரிலோ அயல் வீட்டிலோ கேட்டு, அதற்கு ஓர் அடி மேலே தரையை வையுங்கள். பின்வளவு பெரும்பாலும் முன்வளவை விடத் தாழ்வு. முன்வீட்டுப் படி மூன்று என்றால் பின்வீட்டுக்கும் மூன்று என்று கட்டுகிறவர் தண்ணீருக்குள் கட்டுகிறார். ஆனால் வயதானவர் இருக்கப்போகும் வீடு. ஒவ்வொரு படியும் 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, பக்கத்தில் பிடிக்க ஒரு பைப்பும் வேண்டும்.

வீடு தயார் என்றால் சாமான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அளவு ஒன்று இருக்கிறது, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த 500 சதுர அடி வீடு. 10 அடிக்கு 10 அடியில் இரண்டு அறை, ஒரு கோல் (நடுக்கூடம்), 8 அடிக்கு 8 அடிக் குசினி. அதில் குடும்பமாக இருப்பவர்களின் வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தால் பல அளவு நாடாவுக்குச் சமன். பிறகு சோக்கட்டியை எடுங்கள். புது வீட்டின் சீமெந்துத் தரையில் ஒவ்வொரு தளபாடத்தின் அடிப்பரப்பையும் அதே அளவில் கீறுங்கள். 10க்கு 10 அறையில் 6 அடி 3 அங்குலத்துக்கு 5 அடிக் கட்டில் போட்டால் 31 சதுர அடி போகும், 4 அடி அலுமாரிக்கு 8. கணக்கில் 61 சதுர அடி மிச்சம் என்று தெரியும். கீறிப் பார்த்தால்தான் கதவு திறக்கும் வளைவு கட்டில் காலில் இடிக்கிறதும், அலுமாரிக் கதவைத் திறக்கக் கட்டிலில் ஏறி இருக்க வேண்டியதும் தெரியும். நடப்பதற்கு 2 அடி, அலுமாரிக்கு முன்னால் இரண்டரை அடி. இது கிடைக்காத சாமான் வராது. சுவரோடு ஒட்டியும் வைக்க வேண்டாம். கறையானும் மாரி ஈரமும் அந்த இடுக்கில்தான் வேலை பார்க்கும், 3 அங்குலம் விடுங்கள்.

சீதனமாக வந்த முதிரை அலுமாரியை என்ன செய்வது என்பதுதான் அனேகமான வீட்டில் பெரிய வழக்கு. மூன்று கதவு, நடுவில் கண்ணாடி, நாலரை அடி அகலம், 22 அங்குல ஆழம், ஆறரை அடி உயரம். வாசல் 2 அடி 9 அங்குலம் என்றால் ஆழப்பக்கமாகத் தாராளமாக நுழையும். மாட்டிக்கொள்வது நுழைந்த பிறகு, மூன்றடி நடையில் அறைக்குள் திருப்பும்போது. நாலுபேர் தூக்கிச் சரித்துத் திருப்பப் போய்க் கண்ணாடி வெடிப்பதும், பின்பலகை பிரிவதும் அங்கேதான். பழைய அலுமாரிகள் பெரும்பாலும் கழற்றிப் பூட்டும்படி செய்தவை. மேல்முடி தூக்கினால் வரும், பக்கப் பலகைகள் ஆப்பிலோ திருகாணியிலோ நிற்கும். கடற்கரைப் பக்க வீடு என்றால் திருகாணி உப்புக் காற்றில் இறுகியிருக்கும். திருகித் தலையைத் தேய்த்துவிடாமல், முதல் நாள் இரவு ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் காலையில் அசையும். கழற்றும் முன் கதவுகளின் உள்பக்கம் 1, 2, 3 என்று சோக்கால் எழுத வேண்டும். மூன்றும் ஒரே அளவு போலத்தான் தெரியும், ஆனால் ஐம்பது ஆண்டு தொங்கித் தொங்கி ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு மட்டும் பொருந்தும்.

மாறாக, பத்து ஆண்டுக்கு முன் தவணைக்கு வாங்கிய மரத்தூள் பலகை வாட்ரோப், ரிவி ஸ்ராண்ட் போன்றவற்றைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒருமுறை கழற்றினால் திருகாணி ஓட்டை பொரிந்துவிடும், இரண்டாம் தடவை பிடிக்காது. இருக்கும் இடத்தில் இருந்தபடியே வாடகைக்கு வருகிறவரிடம் விட்டுவிடுவது லாபம். விற்பதானால் பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புரளும் காலம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிழமைகள் நல்லவை. பழைய தளபாடக் கடைக்காரரிடம் கடைசியாகப் போங்கள். சொந்தத்துக்குள் யார் வீட்டில் கலியாணம் வருகிறது என்று விசாரித்தால் அந்த முதிரை அலுமாரி விலையோடு மரியாதையாகவும் போய்ச் சேரும். கழற்றிய கதவு நிலை, வளை, கைமரம் போன்ற மரத்தை வெளியே ஏற்றுவதானால் லொறி பிடிக்கும் முன் வன இலாகாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீதியில் மறித்தால் பேப்பர்தான் பேசும்.

குசினியில் மனம் இளகும். அம்மி, ஆட்டுக்கல், உரல், இடியப்ப உரல், புட்டுக்குழல், நீத்துப்பெட்டி, சுளகு, மூன்று அளவில் கிடாரம். மாதத்துக்கு ஒரு தடவையாவது கை படுவது வரும், மற்றது வராது. கிடாரம் ஆண்டுக்கு ஒரு சடங்குக்கு இறங்குகிறதென்றால் அது கோயிலிலோ பள்ளியிலோ இருக்கட்டும், தேவைக்கு எடுக்கலாம். ஆனால் கேட்காமல் கொண்டுபோய் இறக்காதீர்கள். அங்கேயும் ஏற்கெனவே ஆறு கிடாரம் இருக்கும். அம்மியை வெளியே கிணற்றடி நிழலில் நிரந்தரமாகப் பதித்துவிட்டால் 8 அடிக் குசினியில் 3 அடி மிச்சம். விறகடுப்பையும் தாழ்வாரத்துக்குத் தள்ளினால் மாரியிலும் சமைக்கலாம், வீட்டுக்குள் புகையும் இல்லை.

வயல் இருக்கிறவர்களுக்கு நெல் ஒரு தனிப் பிரச்சினை. பெரிய வீட்டில் ஒரு அறையே நெல்லுக்கு இருந்தது. நாலு பேருக்கு நாளைக்கு 1.2 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 438 கிலோ. நெல்லில் 65 வீதம் அரிசியாக வரும் என்று பிடித்தால் ஏறக்குறைய 675 கிலோ நெல், 65 கிலோ மூடையில் பத்துக்குக் கொஞ்சம் கூட. அதை நாலடி உயரத்துக்கு அடுக்கினாலும் அரைக் கட்டிலின் இடம் போகும், எலியும் குடிவரும். பெரும்போகத்தில் பாதி, சிறுபோகத்தில் பாதி என்று எடுத்தால் ஐந்தாறு மூடையோடு முடியும். சிறுபோகம் செய்யாத காணி என்றால் மில்காரரிடம் கணக்கு வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரிசியாக எடுப்பது. எதுவானாலும் தரையில் நேரே வைக்காமல் கல்லின் மேல் பலகை போட்டு 6 அங்குலம் உயர்த்தி அடுக்க வேண்டும்.

எடுப்பதா விடுவதா என்று முடிவு வராத சாமானுக்குத்தான் மறுகாப் பெட்டி. ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டி, அதற்கு மேல் இல்லை. மூடி, ஒட்டி, மேலே திகதி எழுதி வைப்பது. 90 நாளுக்குள் ஏதாவது தேவைப்பட்டால் அதை மட்டும் எடுக்கலாம். 90 நாள் முடிய, உள்ளே என்ன என்று பார்க்காமல் கொடுக்கத் துணிகிறவர்கள் குறைவு. அதனால் மூடும்போதே உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதி, தாளை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம். பெட்டியைத் திறந்தால் முடிந்தது, எல்லாம் திரும்ப வீட்டுக்குள் வந்துவிடும். பிள்ளைகளின் சாமானுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

உறுதிகள், வரைபடம், பிறப்பு, திருமண அத்தாட்சிப் பத்திரங்கள், ஈபிஎப் பேப்பர், வங்கிப் புத்தகம் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே உறையில், ஐந்தடிக்கு மேலே ஒரு தட்டில். லொறியில் ஏற்றாமல் கையில் கொண்டுபோக வேண்டிய ஒரே சாமான் இதுதான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உறுதிப் பிரதி எடுக்கக் காணிப் பதிவகத்து வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஏற்றும் மாதம்: கச்சான் காற்று அடிக்கிற ஜூனிலிருந்து செப்டெம்பருக்குள். வெயில் கொல்லும், ஆனால் மெத்தை நனையாது. வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக் கிழமையில் ஆள் பிடிக்க முடியாது, ஆடியில் குடிபோக மாட்டோம் என்பவர்கள் ஆனிக்குள்ளோ ஆவணியிலோ வைத்துக்கொள்ளலாம். ஒக்டோபர் பாதிக்குப் பிறகு எந்த நாளும் சூதாட்டம். பட்டா என்கிற சிறு லொறியின் பெட்டி 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். 750 கிலோ வரை இழுக்கும். 500 சதுர அடி வீட்டுக்குள் போகிற சாமான் மூன்று தடவையில் முடிய வேண்டும். ஐந்தாவது தடவை ஓடுகிறீர்கள் என்றால் சோக்கட்டிக் கணக்கு எங்கேயோ பிழை.

போன பிறகு முதல் மாதம் கரண்ட் பில்லைப் பாருங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் மாதம் 60 அலகு ஒரு வேலி. தாண்டினால் கூடிய அலகுக்கு மட்டுமில்லை, முதல் அலகிலிருந்தே விலை மாறும். குளிர்சாதனப் பெட்டி நாளைக்கு 1 அலகு, மாதம் 30. 75 வாற்று விசிறி இரண்டு 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 45. அதோடு வேலி தாண்டியாகிவிட்டது. அதே விசிறியை 30 வாற்றுக்கு மாற்றினால் 18. மின்குமிழ்களுக்கு 7, அரைக் குதிரைவலு மோட்டருக்கு 4 என்று 59இல் நிற்கலாம். ரைஸ் குக்கரும் அயனும் நினைவில் இருக்கட்டும். முன்வீட்டு மீற்றரிலிருந்து பின்வீட்டுக்கு வயர் இழுத்தால் இரண்டு வீட்டுப் பாவனையும் ஒன்றாகி மேல்படிக்கு ஏறும். பின்வீட்டுக்குத் தனி இலக்கம் எடுத்துத் தனி மீற்றர் வைப்பது ஓராண்டிலேயே செலவை மீட்கத் தொடங்கும். பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போக இருந்தால் வாக்காளர் இடாப்பைத் தொடும் முன் பாடசாலையில் விசாரியுங்கள். கடந்த 5 ஆண்டுப் பதிவைப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள்.

சின்ன வீட்டில் சண்டை வருவது காலை 6.15க்கும் 7.00க்கும் இடையில், பாத்ரூம் வாசலில். ஐந்து பேருக்கு ஒரு பாத்ரூம் என்றால் ஆளுக்கு 9 நிமிடம். இதற்குப் புத்திமதி பலிக்காது, சுவர்தான் பலிக்கும். குளிக்கும் இடத்தையும் கக்கூஸையும் ஒரே அறைக்குள் வைக்காமல் பிரித்துவிடுங்கள். கிணற்றடியில் 5 அடிக்கு 5 அடி, தலைக்கு மேல் உயர்ந்த மறைப்பு ஒன்று கட்டினால் வரிசை பாதியாகும்.

பிள்ளைகளோடு நேரம் வேண்டும் என்றுதான் இத்தனையும். வந்து மூன்று மாதத்தில் "பிள்ளைகள்தான் வீட்டில் இல்லை" என்று கண்டுபிடிக்கிறவர்கள் பலர். பாடசாலை 1.30க்கு விடும், 3 மணிக்கு டியூசன், 6க்கு வரும், சனி முழுக்க வகுப்பு, ஞாயிறு காலை அறநெறி. ஒரு கிழமைக்கு வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்த நேரத்தைக் கலண்டரில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டே இடம் கிடைக்கும்: காலை 6 மணிக்கு முன்பு கொஞ்சம், இரவு 7.30க்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம். ஞாயிறு பின்னேரம் ஒன்று சேரலாம், யாரும் அதில் வகுப்பு வைக்காவிட்டால். புது வேலைக்குப் போகிறவர் இரவு 8.30க்கு வந்தால் இருந்த ஒன்றரையில் அரைதான் மிச்சம். ஆகவே வேலை முடியும் நேரத்தை 6 மணிக்குள் பேசிக்கொள்வது சம்பள உயர்வு கேட்பதை விட முக்கியம். டியூசனில் ஒரு பாடத்தைக் குறைக்கலாமா என்பதைப் பிள்ளையின் தவணைப் புள்ளியை வைத்துப் பேசலாம். அயல் வீட்டுப் பிள்ளை போகிறது என்பதை வைத்துப் பேச வேண்டாம்.

அந்த இரவு நேரத்துக்குத் தரையில் இடமும் வேண்டும். ஆறு கதிரையோடு சாப்பாட்டு மேசை 10 அடிக் கோலில் முக்கால்வாசியைத் தின்றுவிடும், பிறகு எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள். மேசையை விற்றுவிட்டு 6 அடிக்கு 4 அடிப் பன்பாய் ஒன்றை விரித்தால் ஐந்து பேர் வட்டமாக இருக்கலாம். முழங்கால் மடங்காத அம்மம்மாவுக்கு ஒரு கதிரையும் அதன் முன் ஒரு முக்காலியும். ரிவி அந்தக் கோலில் எந்தச் சுவரில் வரும் என்பதைக் கடைசியாகப் பாருங்கள், பாய் விரிக்கும் இடத்தை முதலில் சோக்கால் கீறிவிட்டு.